கான்ஃபரன்ஸ் போன் மாட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஆபீஸோ ரிசார்ட்டோ வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இன்டர்நெட்டில் ஓடும் கான்ஃபரன்ஸ் போன் வாங்கினால், அதன் செட்டிங்கை மாற்றத் தேவைப்படும் அட்மின் பாஸ்வேர்டு கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அரவேனு பக்கம் எங்களுடையது சின்னத் தேயிலை பேக்டரி. குன்னூர் ஏலத்துக்கு முன்னால் புரோக்கர், கொச்சி பையர், கோயம்புத்தூர் பங்குதாரர் எல்லாரும் ஒரே லைனில் பேசியாக வேண்டும். அதற்காக ஒரு டீலரிடம் வாங்கினோம். ஆள் வந்தார், மாட்டினார், பேசிக் காட்டினார், பணத்தோடு போனார்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் படுத்தும் பாடு தெரியும்தானே. கரண்ட் போய் வந்தால் பல நேரம் போனில் விளக்கு எரியும், ஆனால் அக்கவுன்ட் ரெஜிஸ்டர் ஆகாது, அதாவது சர்வீஸ் கொடுக்கும் நிறுவனத்தோடு போன் இணையாது. கூப்பிட்டால், "மலையேறி வரணும் சார், விசிட் சார்ஜ் 1,500" என்பார். வந்து லேப்டாப்பைத் திறப்பார். திரையை நம் பக்கம் திருப்பவே மாட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பில்லில் 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' என்று எழுதுவார்.

அந்தக் கான்ஃபிகரேஷன் என்ன என்பது அக்கா மகன் லீவுக்கு வந்தபோதுதான் வெளியே வந்தது. போனுக்கு 192.168.1.12 என்று நிலையான ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான அடையாள எண், டீலர் கொடுத்திருக்கிறார். ரவுட்டர் மற்ற கருவிகளுக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எண்களுக்குள்ளேயே அதுவும் இருக்கிறது. கரண்ட் வந்ததும் எடைமேடைக் கம்ப்யூட்டரோ யாருடைய மொபைலோ அதே எண்ணை வாங்கிக்கொள்ளும்; இரண்டும் முட்டிக்கொள்ளும். இவர் வந்து 12-ஐ 15 ஆக்குவார், அடுத்த தடவை 15-ஐ 19 ஆக்குவார். அவ்வளவுதான் 1,500 ரூபாய்! ரவுட்டரில் அந்த எண்ணைப் போனுக்கென்று ரிசர்வ் செய்திருந்தால் அன்றே முடிந்த கதை. தெரியாமல் செய்தார் என்று முதல் தடவைக்கு வேண்டுமானால் நம்பலாம்.

அடுத்தது ரவுட்டர். நாங்கள் பேசுவது எதிர்முனையில் இருப்பவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. "ரவுட்டர் பழசு" என்று 6,800 ரூபாய்க்குப் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டினார். அதிலும் அதே கோளாறு. உடனே போனை டிஎம்இசட்டில் போட்டார், அதாவது வெளி இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து விட்டார். குரல் கேட்டது. கூடவே நடுராத்திரியில் போனும் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் ஆள் இல்லை, திரையில் '1001' என்று மட்டும் வரும். வாட்ச்மேன் அந்த அறைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பேயும் இல்லை பிசாசும் இல்லை. இன்டர்நெட் போன்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசலான 5060 போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று உலகம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் திருட்டு புரோகிராம்கள். உள்ளே புகுந்து அக்கவுன்ட் பாஸ்வேர்டு கிடைத்தால் நம் செலவில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள்.

உண்மையான காரணம் ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற ஒரு டிக். போன் அனுப்பும் தகவலில் உள்ள முகவரியை ரவுட்டர் தானாகத் திருத்தும் வசதி அது. உதவிக்கென்று வைத்தது, பல ரவுட்டர்களில் உபத்திரவம். பழைய ரவுட்டரில் அந்த டிக்கை எடுத்துப் பார்த்தோம். டிஎம்இசட் இல்லாமலே இரண்டு பக்கமும் கேட்டது. 6,800 வீண்.

பாஸ்வேர்டு கேட்டதற்கு, "கம்பெனி பாலிசி சார், தர முடியாது" என்று முடித்துவிட்டார். நல்லவேளை, அக்கவுன்ட் எங்கள் பேக்டரி பெயரில் இருந்தது. சர்வீஸ் கொடுக்கும் நிறுவனத்துக்கு நேராக மெயில் போட்டோம். சர்வர் பெயர், யூசர் ஐடி, ஆதென்டிகேஷன் ஐடி, புதுப் பாஸ்வேர்டு எல்லாம் வந்தது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது பழைய செட்டிங்கையெல்லாம் அழித்துவிட்டு, அவற்றை அடித்தோம். யூசர் ஐடியும் ஆதென்டிகேஷன் ஐடியும் சில நிறுவனங்களில் வேறு வேறாக இருக்கும். ஒன்றையே இரண்டு இடத்திலும் போட்டால் ஏற்காது. போனின் ஐபி முகவரியை 'தானாக' என்று விட்டுவிட்டு ரவுட்டரில் ரிசர்வ் செய்தோம். இப்போது கரண்ட் எத்தனை தடவை போனாலும் கவலையில்லை.

டீலரிடம் பேசினால் ரவுட்டரைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். விசிட் சார்ஜைப் பற்றிப் பேச்சே கிடையாது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு.