கேர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா? ஒரு கிணற்றுக் கருவியும் மூன்று யூஎஸ்பி வழிகளும்

உப்புவெளியில் எங்கள் வளவுக் கிணறு வைகாசி தாண்டினால் உவர்க்கத் தொடங்கும். மாரிமழை விழுந்தபின்தான் தண்ணீர் பழைய ருசிக்குத் திரும்பும். எந்தக் கிழமையில், எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பக்கத்து வீட்டுத் தம்பி கம்பஸில் கணினி படிக்கிறான். ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் பலகையில் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளக்கும் சென்சரைப் பூட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை 8 பைட் அனுப்பும் யூஎஸ்பி கருவி ஒன்றை அவனே செய்து கொண்டுவந்தான். என் லினக்ஸ் மடிக்கணினி அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் எங்களுக்குள் விவாதம் தொடங்கியது.

“அண்ணை, கேர்னலுக்குள்ள எழுதினாத்தான் அது டிரைவர்” என்றான் அவன். கேர்னல் என்பது லினக்ஸின் மையம்; டிரைவர், ஒரு கருவியோடு பேசத் தெரிந்த நிரல். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

முதல் வழியில் டிரைவரே எழுதத் தேவையில்லை. கருவியின் ஃபெர்ம்வெயர் (அதற்குள் ஓடும் நிரல்) தன்னை ‘சிடிசி ஏசிஎம்’ என்ற பொதுவான யூஎஸ்பி தொடர்பு வகை என்று அறிவித்தால், கேர்னலில் ஏற்கெனவே இருக்கும் டிரைவர் அதைப் பிடித்து ஒரு சீரியல் போர்ட்டாகக் காட்டிவிடும். எந்த மொழியிலும் அந்தப் போர்ட்டைத் திறந்து வாசிக்கலாம். பெரும்பாலான சென்சர் வேலைக்கு இதுவே போதும். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சில கணினிகளில் மொடெம் மேனேஜர் என்ற சேவை, புதிதாக வந்த போர்ட்டை மொடெம் என்று நினைத்து அதற்குக் கட்டளைகள் அனுப்பிப் பார்க்கும். கருவிக்கு அவை வெறும் குப்பை எழுத்துகள். கருவி செருகப்பட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதி ஒன்றை எழுதி அதைத் தடுத்துவிடலாம்.

இரண்டாவது, லிப்யூஎஸ்பி என்ற நிரலகம். கேர்னல் தன் யூஎஸ்பி வாசலைப் பயனர் நிரலுக்குத் திறந்துவிடுகிறது. நம் நிரல் அந்த வாசலில் நின்று கருவியோடு நேராகக் கதைக்கும். பைத்தனில் முப்பது வரிக்குள் எனக்கு முதல் அளவீடு வந்துவிட்டது. இந்த வழியில் நான் மிகவும் மதிப்பது, பிழை விட்டால் விழுவது என் நிரல் மட்டும் என்பதை. கணினி அப்படியே இருக்கும். அனுமதிக்கு ஒரு யூடெவ் விதி வேண்டும். வேறு டிரைவர் கருவியைப் பிடித்திருந்தால் அதை விலக்கவும் வேண்டும். குறை என்றால், வேறு நிரல்களுக்கு இந்தக் கருவி ஒரு போர்ட்டாகவோ கோப்பாகவோ தெரியாது. வேகமாக நிறையத் தரவு அள்ளும் கமெரா போன்றவற்றுக்கு இன்னொரு தடையும் உண்டு: இந்த வாசல் வழியாக ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடிய நினைவகம், மாற்றாவிட்டால், 16 எம்பிதான். எங்கள் 8 பைட்டுக்கு அது பொருட்டே இல்லை.

மூன்றாவது, தம்பி கேட்ட வழி: டிரைவரை, கேர்னலுக்குள் ஏற்றும் மொடியூல் என்ற துண்டாக எழுதுவது. மொடியூல் எழுதுவது கடினம் என்று பயமுறுத்துவார்கள். தொடங்குவது அவ்வளவு கடினமில்லை. கேர்னல் மூலத்திலேயே ‘யூஎஸ்பி ஸ்கெலிட்டன்’ என்று ஒரு மாதிரி டிரைவர் இருக்கிறது. அதை எடுத்து நம் கருவியின் வென்டர் எண்ணையும் புரொடக்ட் எண்ணையும் போட்டால், செருகியதும் டிரைவரின் தொடக்கச் செயல்பாடான புரோப் ஓடும். சிக்கல் எல்லாம் கழற்றும்போதுதான் வருகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நிரல் கருவியைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ வயரை இழுத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். கேர்னல் உடனே டிரைவரின் டிஸ்கனெக்ட் செயல்பாட்டை அழைக்கும். கருவிதான் போய்விட்டதே என்று நாம் அங்கேயே நினைவகத்தை விடுவித்தால், வாசித்துக்கொண்டிருந்த நிரல் அடுத்த கணம் விடுவித்த நினைவகத்தைத் தொடும். சிலவேளை ஒன்றும் நடக்காது. சிலவேளை கணினி உறைந்துவிடும். என் முதல் மொடியூல் நான்கு நாள் ஒழுங்காக ஓடி, ஐந்தாம் நாள் என் மகள் வயரைத் தட்டிவிட்டபோது கணினியை உறைய வைத்தது. ஸ்கெலிட்டனைப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண்ணிக்கை, டிரைவருக்கு ஓர் எண்ணிக்கை. கடைசி ஆள் விலகிய பிறகுதான் விடுவிப்பு. நான் மாதிரியை வெட்டி ஒட்டியபோது, தேவையில்லை என்று நினைத்து நீக்கியது அந்த வரிகளைத்தான்.

இது என் ஒருவனுடைய பிழை மட்டும் அல்ல. ஆண்ட்ரே கொனவலோவ் 2017 நவம்பரில் லினக்ஸ் யூஎஸ்பி பகுதியில் 14 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டார். சிஸ்கொலர் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியால், போலி யூஎஸ்பி கருவிகளைச் செருகிச் செருகிப் பிடித்தவை அவை.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. தரவு வந்து சேர்ந்ததும் ஓடும் முடிவுச் செயல்பாட்டுக்குள் தூங்கக்கூடிய எதையும் அழைக்கக்கூடாது. அனுப்பும் பஃபரை (தரவு வைக்கும் இடத்தை) ஸ்டாக்கில் (செயல்பாடுகளின் தற்காலிக நினைவகத்தில்) வைக்கவும் கூடாது. பழைய டிரைவர்கள் பல அப்படி வைத்துத் தப்பி வந்தன. 2016இல் 4.9 பதிப்பில் ஸ்டாக் ஒதுக்கும் முறை மாறியதும் அவற்றில் பல உடைந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டை அப்படியே எடுக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அப்புறம் பராமரிப்பு. பயனர் நிரல்களை உடைப்பதில்லை என்பது லினக்ஸின் உறுதியான கொள்கை. கேர்னலுக்குள் இருக்கும் இடைமுகங்களுக்கு அப்படி ஒரு வாக்குறுதியும் இல்லை. மூலத்தோடு சேராமல் வெளியே கிடக்கும் மொடியூலை ஒவ்வொரு கேர்னல் புதுப்பிப்புக்கும் திரும்பக் கட்ட வேண்டும். செக்கியூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) போட்ட கணினியில், பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில், கையொப்பமிடாத மொடியூல் ஏறவே ஏறாது.

சரி, எந்த வழியில் போனாலும் ஒருநாள் கருவி பேசாமல் நிற்கும். அப்போது எங்கே பார்ப்பது? என்னைக் கேட்டால் இந்த ஒப்பீடுதான் முன்னதைவிட முக்கியம்.

தம்பியின் பழக்கம், வரிக்கு வரி பிரிண்ட்கே (கேர்னல் பதிவில் செய்தி அச்சிடும் கட்டளை) போடுவது. அவசரத்துக்கு உதவும். ஆனால் நாம் சந்தேகப்பட்ட இடத்தை மட்டுமே அது காட்டும். நேரம் சார்ந்த பிழையென்றால் அச்சிடுகிற தாமதமே பிழையை ஒளித்துவிடும். டைனமிக் டிபக் அதைவிட நாகரிகமானது. டிரைவர் எழுதியவர்களே உள்ளே வைத்துவிட்டுப் போன டிபக் வரிகளை, எதையும் திரும்பக் கட்டாமல், ஓடுகிற கேர்னலிலேயே திறக்கவும் மூடவும் முடியும். விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைக்கு கேசான் என்ற நினைவகக் கண்காணிப்பு போட்ட கேர்னல் வேண்டும். எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே தொடப்பட்டது என்று இரண்டையும் அது காட்டித்தரும். ஒவ்வொரு 8 பைட் நினைவகத்துக்கும் 1 பைட் கணக்கு வைப்பதால் கணினி கனக்கும். அன்றாடம் ஓட்ட அது ஏற்றதல்ல.

நான் முதலில் திறப்பது, யூஎஸ்பி போக்குவரத்தைப் பதிவுசெய்யும் யூஎஸ்பிமொன். டிரைவர் என்ன நினைக்கிறது என்பதை அது சொல்லாது. பஸ்ஸில், அதாவது கணினிக்கும் கருவிக்கும் இடையிலான இணைப்பில், என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதைச் சொல்லும். எனவே கேர்னல் டிரைவரோ லிப்யூஎஸ்பியோ, எதில் எழுதியிருந்தாலும் அதே சாளரம்தான். வயர்ஷார்க்கில் திறந்தால் கண்ணுக்கும் இலகு. வெறும் உரையாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அனுப்பும் வரிகளில் -115 என்று இருக்கும். அது பிழை அல்ல, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தம்பி அதைத் துரத்தி ஒரு மாலையைச் செலவழித்தான். பதில் வரிகளில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். -32 என்றால் கருவி அந்தக் கேள்வியை மறுக்கிறது, ஃபெர்ம்வெயரைப் பாருங்கள். -2 என்றால் கேள்வியை நம் பக்கமே ரத்துச் செய்துவிட்டது; நேரத்துக்குள் பதில் வராவிட்டாலும் இதுவே வரும். -71 என்றால் பஸ்ஸிலேயே குழப்பம். பெரும்பாலும் வயர், இணைப்பு, மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று.

எங்கள் கிணற்றுக் கருவி மூன்றாம் கிழமையில் விட்டுவிட்டு அறுந்தது. டிரைவரில்தான் பிழை என்று இரண்டு இரவு இருவரும் வரி வரியாகப் படித்தோம். யூஎஸ்பிமொன்னைத் திறந்தபோது, எங்கள் பல்க் எண்ட்பொயிண்டில் (தரவு வரும் வாயிலில்) மட்டுமல்ல, எல்லாக் கருவிக்கும் பொதுவான சுழியம் எண்ட்பொயிண்டிலும் -71. எங்கள் டிரைவர் தொடாத இடம் அது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால், நீட்டிப்பு வயரின் மூட்டில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று. யூஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீற்றர்தான் எல்லை, நாங்கள் அதையும் தாண்டி இழுத்திருந்தோம். மூட்டை எடுத்துவிட்டு, மடிக்கணினியைப் பின் விறாந்தைக்குக் கொண்டுவந்து குறுகிய வயரில் போட்டோம். அதன்பின் அறுந்ததில்லை.

என் தெரிவு இதுதான். ஃபெர்ம்வெயர் உங்கள் கையில் இருந்தால் சிடிசி ஏசிஎம். கருவி வேறு யாரோ செய்ததாகவும் தனி நெறிமுறை பேசுவதாகவும் இருந்தால் லிப்யூஎஸ்பி. வலையமைப்பு, ஒலி, விசைப்பலகை போல கேர்னலின் ஒரு பகுதியாக மற்ற நிரல்களுக்குத் தெரிய வேண்டிய கருவிக்கே மொடியூல்.

தம்பி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சென்சர்களுக்கென்றே கேர்னலில் ஐஐஓ என்ற பகுதி இருக்கிறது, அதில் மின்கடத்துதிறனுக்குத் தனி வகையே உண்டு என்று காட்டினான். பார்த்தேன், உண்மைதான். அந்த வகையில் கருவி போய்ச் சேர்ந்தால் யாருடைய நிரலும் அதை ஒரே விதமாக வாசிக்கும். கிணற்றில் இப்போதைக்கு, என் தெரிவுப்படி சிடிசி ஏசிஎம் போதும் என்றாலும், ஏற்கெனவே எழுதிய லிப்யூஎஸ்பி நிரலே ஓடுகிறது. அவன் வீட்டில் கியூஎம்யூ மெய்நிகர் கணினிக்குள் ஐஐஓ மொடியூல் வளர்கிறது. விழுந்தாலும் உள்ளே இருக்கும் கணினிதான் விழும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐம்பது தடவை வயரைக் கழற்றிச் செருக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று முப்பத்தேழாவது தடவையில் கேசான் ஒரு வரியைக் காட்டியதாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.