டெக்சாஸில் எரிபொருள் தொழிலை மூடும்போது: முதலில் லைசென்ஸா, பாண்டா?

டீசல் மொத்த விற்பனையை நிறுத்த முடிவெடுத்ததும் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மாநில வரித் துறையான கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் (மொத்த விற்பனை) லைசென்ஸை மூடிவிட்டு, அப்புறம் பாண்டை, அதாவது வரிக்காக அரசுக்குக் கொடுத்த உத்தரவாதப் பத்திரத்தை, முடிப்பது ஒன்று. பிரீமியம் கட்டாமல் விட்டால், அந்த உத்தரவாதத்தைத் தரும் ஷூரிட்டி கம்பெனி பாண்டை ரத்து செய்யும், லைசென்ஸும் கூடவே போகும் என்று இருந்துவிடுவது மற்றொன்று. நான் முதல் வழியில் போனேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பங்க் மட்டும் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. டெர்மினலில் (எரிபொருள் கிடங்கில்) லாரி நிரம்பும்போதே வரி விழுந்துவிடும். அவர்கள் வரி சேர்ந்த விலைக்குத்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது வழியில் அலைச்சல் குறைவு, பிரீமியமும் மிச்சம். ஆனால் ஷூரிட்டி கம்பெனி கொடுக்கும் ரத்து நோட்டீஸின் கெடு முடிந்த பிறகு கையில் சரக்கோ, வர வேண்டிய லோடோ இருந்தால் திண்டாட்டம்தான். லைசென்ஸ் போன நாளிலிருந்து வரியில்லாமல் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. பாண்டை இன்ஷூரன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது அரசை, நம்மை அல்ல. நாம் வரி கட்டாமல் விட்டு ஷூரிட்டி கம்பெனி கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தை நம்மிடமே வசூலிக்கும். பாண்ட் வாங்கும்போது போட்ட கையெழுத்து அதற்குத்தான். சிறிய நிறுவனம் என்றால் முதலாளியின் சொந்தச் சொத்தும் பெரும்பாலும் அதில் மாட்டியிருக்கும். பாண்டை ரத்து செய்தால் அந்தத் தேதிக்குப் பிந்தைய பொறுப்பு மட்டும்தான் இல்லாமல் போகும். அதற்கு முன் விற்ற ஒவ்வொரு கேலனுக்கும் பொறுப்பு அப்படியே இருக்கும். டெக்சாஸில் வழக்கமாக 4 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய் வரி கேட்கலாம். டீசலுக்கு கேலனுக்கு 20 சென்ட். 8,000 கேலன் லாரி ஒன்றின் கணக்கு இடித்தாலே 1,600 டாலர், அபராதமும் வட்டியும் தனி.

அதனால்தான் வரிசை முக்கியம். சரக்கைத் தீர்த்து, கடைசி ரிட்டர்னை மாதம் முடிந்து 25ஆம் தேதிக்குள் போட்டு, சப்ளையர் பில்களோடு ஒத்துப்பார்த்து, லைசென்ஸ் மூடியதற்கும் பாண்டை விடுவித்ததற்கும் எழுத்தில் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால் ஷூரிட்டி கம்பெனியிடம் பேசுவது எளிது. மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்குமா என்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, கேட்டுப் பாருங்கள். பின்னால் வேறு தொழிலுக்கு பாண்ட் கேட்டுப் போகும்போதும் இந்தக் கடிதம் கைகொடுக்கும்.

விற்பனை எதுவும் இல்லை என்று பூஜ்ய ரிட்டர்ன் போட்டுக்கொண்டே லைசென்ஸை வைத்திருப்பதும் ஒரு வழி. சீக்கிரமே தொழிலுக்குத் திரும்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் சரி. இல்லையென்றால் ஆண்டுதோறும் பிரீமியம் தண்டம், ஒரு மாத ரிட்டர்னை மறந்தாலும் அபராதம். பாண்டுக்குப் பதிலாக ரொக்கம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அவர்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த வழியில் மூடினாலும் லோடு ரசீதுகளையும் ரிட்டர்ன் நகல்களையும் 4 ஆண்டுகளுக்கு எறியாதீர்கள்.