சந்தா மின்னஞ்சல் வாங்கும் முன், முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

காசு கொடுத்து மெயிலும் ஸ்டோரேஜும் வாங்கலாமா, இலவசமே போதுமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னதாகத் தொழில் நடத்துபவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். விலை எவ்வளவு, எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்து முடிவு செய்தால் எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

கரூரில் எங்களுடையது ஒரு சிறிய யூனிட். மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் தைக்கிறோம். பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் பாதி, நேரடி பையர்கள் சிலருக்கு அனுப்புவது மீதி. தையல் பக்கத்தைத் தம்பி பார்க்கிறான், ஆபீஸ் வேலை என்னுடையது. ஆர்டர், சாம்பிள் படம், லேப் டிப் ஒப்புதல், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று எல்லாமே மெயிலில்தான் வரும், போகும்.

முதலில் ஜிமெயில்தான் வைத்திருந்தோம். அதில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்ந்து அந்த 15-க்குள் அடங்க வேண்டும். 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே கணக்காகிறது. சாம்பிள் படங்களும் ஆபீஸ் போனின் வாட்ஸ்அப்பும் சேர்ந்து சீக்கிரமே இடத்தை நிரப்பிவிட்டன. நிரம்பினால் புதுப் படம் ஏறாது என்பதோடு முடிவதில்லை, வரும் மெயிலும் நின்றுவிடும். பையர் அனுப்பியது அவருக்கே திரும்பிப் போகும். இதற்கிடையே ஒரு பையர், கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆகவே எங்களுக்குத் தேவை உண்மையானதுதான். காசு கொடுக்கத் தயாராகவும் இருந்தோம்.

அந்த நேரத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள் ஆபீசுக்கே வந்தார். டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாழ்நாள் முழுக்க இலவசம், ஐந்து மெயில் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் 100 ஜிபி, முதல் வருடம் ஜிஎஸ்டி சேர்த்து 3,540 ரூபாய் என்றார். வேலையும் சுத்தமாக இருந்தது. பழைய மெயிலை அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள், போன் செய்தால் எடுத்தார்கள். விசிட்டிங் கார்டு, இன்வாய்ஸ், அட்டைப்பெட்டியில் அடிக்கும் முகவரி எல்லாவற்றிலும் புது மெயிலைப் போட்டோம்.

ஒரு வருடம் முடியப்போகிற சமயத்தில் தம்பி போனுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் 14,750 ரூபாய் தானாகக் கழிக்கப்படும் என்றிருந்தது. முதல் வருட விலைக்கு நான்கு மடங்குக்கும் மேல். விலை ஏறப்போவதாக அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு வரி கூட வரவில்லை.

ஆட்டோபே பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படித் தானாகக் கழிக்கும் எந்தத் தொகைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும், நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அதன்பின் ஒரு வரம்பு வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை. அந்த வரம்பு 2021-ல் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. எங்கள் ஆட்டோபேயில் ‘அதிகபட்சத் தொகை’ என்ற இடத்தில் அவர்கள் போட்டிருந்தது சரியாக 15,000. திரையில் பெரிய எழுத்தில் 3,540 தெரிந்தது. அதிகபட்சம் கீழே ஒரு மூலையில் இருந்தது. புதுப்பிக்கும் விலையை 14,750 என்று வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

தம்பி அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்தான். பணம் தப்பியது, மெயில் மாட்டிக்கொண்டது.

காலக்கெடு முடிந்த மறுநாள் காலை உள்ளே போனால், மேலே மஞ்சள் பட்டையில் திட்டம் காலாவதியாகிவிட்டது என்று எழுதியிருந்தது. யாரிடமிருந்து வந்தது, என்ன தலைப்பு என்பது வரை தெரிகிறது. மெயிலைத் தொட்டால் திறக்கவில்லை. இணைப்புகள் இறங்கவில்லை. மொத்தமாக எடுத்துக்கொள்ளும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. புதிதாக வருவதும் உள்ளே வரவில்லை. இதை எங்களுக்குச் சொன்னதே பையர்தான். அவர் அனுப்பிய மெயில் திரும்பி வந்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, “கம்பெனி நடக்கிறதா?” என்று கேட்டிருந்தார்.

திரும்பிப் போன மெயிலில் இருந்தது லேப் டிப் ஒப்புதல். துணியை மொத்தமாகச் சாயம் போடும் முன் சின்னத் துண்டுகளில் ஷேடு போட்டு அனுப்புவோம். பையர் ஒன்றைத் தேர்ந்து சொன்ன பிறகுதான் சாயப்பட்டறையில் லாட் ஏறும். அந்த ஒரு வரி வராததால் எங்களுக்குப் பட்டறையில் ஒதுக்கியிருந்த முறை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. தேதி தள்ளியதற்குப் பையரிடம் தள்ளுபடி கொடுத்துத்தான் ஆர்டரைக் காப்பாற்றினோம். 14,750 ரூபாயை விட அது பெரிய நஷ்டம்.

போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

“உங்க மெயில் எல்லாம் பத்திரமா இருக்குங்க மேடம். ரினியூ பண்ணினா உடனே திறந்துடும்.”

“ரினியூ வேண்டாம் தம்பி. பழைய மெயிலை எடுத்துக்கறோம், டொமைனை வேற இடத்துக்கு மாத்திக்கொடுங்க.”

“டொமைன் உங்க பேர்ல இல்லைங்களே மேடம்.”

அப்புறம்தான் முழு விவரமும் வந்தது. அவர்கள் சொன்ன ‘இலவச டொமைன்’ அவர்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவானது. தொடர்ந்து மூன்று வருடம் சந்தா கட்டினால்தான் நம் பெயருக்கு மாற்றுவார்களாம். நடுவில் வேண்டுமென்றால் 25,000 ரூபாய். ஆபீசுக்கு வந்த ஆள் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கொடுத்த விலைப்பட்டியலிலும் இல்லை. ஒரு டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் தேடல் இணையத்தில் இருக்கிறது, அதில் எங்கள் டொமைனைப் போட்டுப் பார்த்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். எங்கள் யூனிட்டின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. வாடகைக் கடையைக் காலி செய்யும்போது பெயர்ப்பலகையை வைத்துவிட்டுப் போ என்று சொல்வது போல இருந்தது.

மெயில்களை விட்டுவிட்டு வரவும் முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் அதற்கான ஆவணங்களையும் ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எங்களுடையதில் பாதி மெயில் இணைப்புகளாகத்தான் இருந்தன. கணக்கு பார்க்கும் அக்கா தன் கம்ப்யூட்டரில் மெயில் மென்பொருள் வைத்திருந்தார். அதில் இறங்கியிருந்த பிரதிகள் அவருடைய பெட்டியை அப்படியே காப்பாற்றின. மற்றவற்றுக்கு வழியில்லை. பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு முக்கியமான ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

டொமைன் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. இந்தப் பதிவை எழுத வைத்ததும் அதுதான். ஒரு டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அதன் முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் அவர்கள் திருப்பும் இடத்துக்குப் போகும். பையரின் ஆர்டர், வங்கியின் கடிதம், பாஸ்வேர்டு மறந்தால் வரும் லிங்க், எல்லாம். அந்த முகவரியிலிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று பையருக்கு ஒரு மெயில் போனால் அவர் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வகை மோசடி புதிதல்ல. அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடிகிற நிலையில் எங்களை வைத்துவிட்டார்கள் என்கிறேன். ஒவ்வொரு பையருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, பழைய முகவரியிலிருந்து எது வந்தாலும் நம்ப வேண்டாம் என்று சொன்னோம். வங்கி, ஜிஎஸ்டி தளம், சுங்கத்துறைத் தளம் என்று ஒவ்வொன்றிலும் பதிவு மெயிலை மாற்றினோம். அச்சடித்த அட்டைப்பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, காசு கொடுத்து வாங்கலாமா? தொழிலுக்கு என்றால் வாங்கலாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து. ஆனால் டொமைனை ஒரு இடத்திலும் மெயிலை இன்னொரு இடத்திலும் வாங்குங்கள். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில், நீங்களே திறந்த கணக்கில் பதியுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது, இல்லையென்றால் பூட்டும் சாவியும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். நம் நாட்டின் .இன் (.in) பெயர்களை நிர்வகிப்பது நிக்சி (NIXI) என்ற அமைப்பு. அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் வழியாக யாரும் நேரடியாக வாங்கலாம், வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். டொமைன் கையில் இருந்தால் மெயில் நிறுவனம் எது என்பது பெரிய விஷயமில்லை. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் (MX) என்ற ஒரு பதிவை டொமைன் கணக்கில் மாற்றினால் அதே முகவரிக்கு வரும் மெயில் வேறு நிறுவனத்துக்கு வர ஆரம்பித்துவிடும். வெளியில் இருப்பவருக்கு மாறியதே தெரியாது.

வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும்போது விலை என்ன? நான் கட்டாவிட்டால் அன்றைக்கு என்ன ஆகும், எத்தனை நாள் வரை மெயிலை எடுத்துக்கொள்ளலாம்? எல்லா மெயிலையும் இணைப்புகளோடு மொத்தமாக இறக்க வசதி உண்டா? வாய்ப்பேச்சில் சொல்வதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில். முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

‘வாழ்நாள் முழுக்க’ என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். உலகின் பெரிய நிறுவனங்களே சொன்னதை மாற்றியிருக்கின்றன. மைக்ரோசாப்ட் 2014-ல் சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் அளவில்லாத இடம் என்றது, 2015 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. இலவசமாகக் கொடுத்த 15 ஜிபியும் 2016-ல் 5 ஆனது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் அவர்கள் முன்கூட்டியே அறிவித்தார்கள், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள வழியும் வைத்தார்கள். எங்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் அவசரப்பட்டுச் சந்தா கட்ட வேண்டாம். ஜிமெயிலில் பெரிய இணைப்பு உள்ள மெயில்களைத் தேடி அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை நிறுத்துங்கள். பலருக்கு இதிலேயே பாதி இடம் திரும்பக் கிடைத்துவிடும். குழந்தைகளின் படம், குடும்ப வீடியோ என்று நிஜமாகவே இடம் போதவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும் தெரிந்து வாங்குங்கள்: கூகுளில் சந்தாவை நிறுத்தினால் மறுபடி 15 ஜிபிதான். அதற்கு மேல் வைத்திருந்தால் மெயில் நிற்கும், இரண்டு வருடம் அப்படியே விட்டால் உள்ளே இருப்பதை அழிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே ஒரு பிரதி வீட்டில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

எங்களைப் போல ஏற்கெனவே மாட்டியவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்த 13 ஏமாற்று முறைகளில் சந்தாப் பொறியும் (சந்தாவிலிருந்து எளிதில் வெளியேற விடாமல் மாட்டிவைப்பது) ஒன்று. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். தொழிலுக்கு வாங்கினாயே, நீ எப்படி நுகர்வோர் ஆவாய் என்று எங்களிடம் கேட்டார்கள். தன் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். வாங்கியதற்கு நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. காலாவதி அறிவிப்பு வந்த திரை, ஆட்டோபே பக்கம், ஹூஇஸ் பக்கம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம், அது நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

கம்பெனி பெயரில் மெயில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஹூஇஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். சில பதிவுகளில் உரிமையாளர் விவரத்தை மறைத்திருப்பார்கள். அப்படியென்றால் டொமைன் கணக்கின் லாகின் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அமைத்துக் கொடுத்தவரிடம் சந்தா முடிய இன்னும் நாள் இருக்கும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள். கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் பேரம் அவர்கள் கையில் இருக்கும்.