சொந்தத் திசுவா, மெஷ் வலையா? கருப்பை இறக்க அறுவையில் எதைக் கொண்டு தாங்குவது

இறங்கிவிட்ட கருப்பையையோ சிறுநீர்ப்பையையோ மேலே தூக்கி வைப்பது பெரிய காரியமில்லை. அது அங்கேயே நிற்க எதில் கட்டுவது என்பதுதான் சிக்கல். நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் திசுவிலா, பாலிப்ரொப்பிலீன் இழையால் பின்னிய மெஷ் வலையிலா? 'தளர்ந்துபோன சதையையே இழுத்துத் தைத்தால் மறுபடி தளராதா?' என்று யாருக்கும் தோன்றும். குடலிறக்க அறுவையில் வலை நன்றாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தோன்றியது. யோனிக்குள் வலை நுழைந்தது அப்படித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சொந்தத் திசு அறுவை' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே நைந்துபோன படலத்தை மடித்துத் தைப்பது. மேலே சொன்ன சந்தேகம் முழுசாகப் பொருந்துவது இதற்கு மட்டும்தான். இரண்டாவது, யோனியின் உச்சியை உள்ளே இருக்கும் தசைநாரில் கட்டுவது. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பையும் இடுப்பெலும்பையும் இணைக்கும் சேக்ரோஸ்பைனஸ் தசைநார் நல்ல உறுதியானது. அதைத் தளர்ந்த சதை என்று சொல்ல முடியாது. மூன்றாவது, தொடையின் வெளிப்பக்கத்திலிருந்தோ வயிற்றுச் சுவரிலிருந்தோ, தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான உறைத்திசுவை நாடாபோல வெட்டியெடுத்து, வலை இருக்க வேண்டிய இடத்தில் அதை வைப்பது. இது புதிய யோசனை இல்லை. இளம் பெண்களுக்குக் கருப்பையை எடுக்காமலே தூக்கி நிறுத்த, வயிற்று உறையின் கீற்றுகளைப் பயன்படுத்தும் முறைக்கு இன்றும் மும்பை மருத்துவர் புரந்தரேயின் பெயர்தான்.

சரி, எது எத்தனை நாள் தாங்கும்? இங்கேதான் எண்கள் ஏமாற்றும். படலத்தை மடித்துத் தைக்கும் அறுவையைப் பற்றி 2001இல் வந்த ஓர் ஆய்வில், முறைக்கு முறை வேறுபட்டு 30 முதல் 46 சதவீதம் பேருக்குத்தான் வெற்றி என்று இருந்தது. மிக மோசமான எண். பத்து ஆண்டுகள் கழித்து அதே பெண்களின் அதே பதிவுகளை வேறு அளவுகோலில் அலசினார்கள். யோனி வாயைத் தாண்டி எதுவும் இறங்கவில்லையென்றால் வெற்றி என்று வைத்துக்கொண்டபோது, ஓராண்டு முடிவில் அது 89 சதவீதத்தை ஒட்டி வந்தது. தையல் மாறவில்லை, உடம்பு மாறவில்லை. அளவுகோல் மட்டும் மாறியது. முதல் ஆய்வு கேட்டது, உள்ளே எல்லாம் கச்சிதமாக இருக்கிறதா என்று. அந்தப் பெண்ணுக்கு வேண்டியதோ, நடக்கும்போது எதுவும் கீழே தட்டுப்படாமல் இருப்பது.

அதற்காகச் சொந்தத் திசுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடவும் முடியாது. உச்சியைத் தசைநாரில் கட்டும் இரண்டு முறைகளை 374 பெண்களிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் வெற்றி இரு பக்கமும் 60 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஐந்து ஆண்டுகளில் தோல்வி ஒன்றில் சுமார் 62, மற்றதில் சுமார் 70 சதவீதம். தோல்வி என்று எண்ணப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரித் தொந்தரவு அறுவைக்கு முன்பிருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் இது சிறிய எண் இல்லை. கருப்பை எடுத்த பிறகு யோனி உச்சி இறங்கியவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் தோல்வி சொந்தத் திசுவில் 43 சதவீதம். வயிற்று வழியாக உள்ளே வைத்த வலையில் 28, யோனி வழியாக வைத்த வலையில் 29. உறுதி மட்டுமே கணக்கு என்றால் வலைதான் ஜெயிக்கிறது.

அப்புறம் ஏன் யோனி வழி வலையை நாடு நாடாக நிறுத்தினார்கள்? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017 கடைசியில், பிரிட்டன் 2018இல், அமெரிக்கா 2019 ஏப்ரலில். காரணம், தோற்றால் அது தோற்கும் விதம். சொந்தத் திசு தோற்றால் பழைய புடைப்பு திரும்பி வரும். யோனிக்குள் தாங்கு வளையம் போடலாம், மறுபடி தைக்கலாம். வலை தோற்றால் யோனிச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும், சுருங்கி நரம்பை இழுக்கும், உடலுறவில் வலிக்கும். திசு அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து பிணைந்துவிடுவதால் முழுக்க எடுப்பது கடினம். எடுத்த பிறகும் சிலருக்கு வலி போவதில்லை. முதல்முறை அறுவை செய்துகொண்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. வலை வைத்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் வலையால் சிக்கல். இதைப் படித்த பிறகு முதல் அறுவைக்கே யோனி வழியாக வலை வைப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை.

வயிற்று வழி வலை வேறு கதை. தடை அதற்கு இல்லை. ஆனால் ஏழு ஆண்டு பின்தொடர்ந்தபோது அங்கேயும் சுமார் 10 சதவீதம் பேருக்கு வலை வெளியே தெரிந்தது.

இந்த இடத்தில் தொடை உறை ஆசைகாட்டுகிறது: வலையைப்போல நீளமான தாங்கி, அதே சமயம் அந்நியப் பொருள் இல்லை. விலை, காலில் ஒரு வெட்டுத்தழும்பு, சில நாள் நடக்கும்போது வலி, சிலருக்கு உறை எடுத்த இடத்தில் தசை புடைத்துத் தெரிவது. வயிற்றிலிருந்து எடுத்தால் அங்கே குடலிறக்கம் வரலாம். இதற்கு எதிராக ஒரு பழைய ஆய்வை எடுத்து வைப்பார்கள்: ஓராண்டில் வலை 91 சதவீதம், உறை 68 சதவீதம் என்று. அது நோயாளியின் உறையே அல்ல. இறந்தவர் உடலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய உறை. உயிருள்ள சொந்த உறை அதேபோலத்தான் நடந்துகொள்ளும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சொந்த உறையில் நம்பிக்கையான சிறு தொகுப்புகள் இருக்கின்றன. சிறுநீர்க் கசிவுக்குப் போடும் பட்டியில் அதன் அனுபவம் பல பத்தாண்டுகள் நீண்டது.

என் வரிசை இது. முதல் அறுவை என்றால் சொந்தத் திசு, அதிலும் உச்சியை விட்டுவிடாமல் தசைநாரில் கட்டுவது. வெறுமனே முன்சுவரை மட்டும் மடித்துத் தைத்தால் பாதி வேலைதான். ஏற்கெனவே ஒருமுறை தோற்று உச்சி மறுபடி இறங்கியிருந்தால், வயிற்று வழி வலையா தொடை உறையா என்று உட்கார்ந்து பேசலாம். இரண்டிலும் கைப்பழக்கம் உள்ளவர் கிடைத்தால்தான் அந்தப் பேச்சு அர்த்தமுள்ளது.

இந்த ஒப்பீடுகளில் வழக்கமாக விட்டுப்போகிற சொந்தத் திசு அறுவை ஒன்று உண்டு: யோனியின் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைத்து மூடிவிடுவது. 1877இல் பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர் விவரித்தது. வேலை சின்னது, வயதானவர்களும் நீண்ட மயக்கமருந்து தாங்காதவர்களும் செய்துகொள்ளலாம். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நிற்கிறது. உடலுறவு இனி இல்லை என்று அந்தப் பெண்ணே தீர்மானித்துவிட்டால், வலையும் உறையும் போட்டியில் கிட்டே வர முடியாது. வயதைப் பார்த்து மருத்துவரோ மகனோ அதைத் தீர்மானிக்கக் கூடாது, அவ்வளவுதான்.