வாயே திறக்காத டெபியனோடு ஆறு வருஷம்

"அத்தான், பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடலாமா? கமாண்ட் லைன் ரொம்பக் கஷ்டமா?" என்று மைத்துனன் போன வாரம் கேட்டான். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற கதையா இது?

நம்ம ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய லேப்டாப்பில் 2019-ல் டெபியன் 10 ஏற்றினேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் டெபியன் ஒரு வகை. கஸ்டமர் ஃபைல் எல்லாம் அதில்தான், ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா வழியாக மற்ற சிஸ்டங்களுக்குப் போகும். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யுபிஎஸ். 10-லிருந்து 11, 11-லிருந்து 12. ஒருமுறைகூட அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில்லை. 11-க்கு மாறும்போது மட்டும் செக்யூரிட்டி அப்டேட் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் வரியின் வடிவமே மாறியிருந்தது தெரியாமல், பதிப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அரை மணி நேரம் முழித்தேன். 13-உம் வந்துவிட்டது. தீபாவளி முடியட்டும்.

இவ்வளவு நல்ல பிள்ளையிடம் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. கமாண்ட் லைனில், அதாவது கட்டளையை எழுத்தாக அடிக்கும் இடத்தில், வேலை முடிந்தால் முடிந்தது என்று சொல்லாது. பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூடக் காட்டாது. முதல் நாள் கீபோர்டு போய்விட்டது என்றே நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் ஒருவர் தாய்ப்பத்திரம் ஸ்கேன் எடுக்க வந்தார். மூன்று பிடிஎஃப். அவர் பெயரில் போட்டிருந்த ஃபோல்டருக்கு, ஃபைலை நகர்த்தவும் பெயர் மாற்றவும் உதவும் எம்வி (mv) கமாண்டில் நகர்த்தினேன். ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதைக் கவனிக்கவில்லை. முந்தைய கமாண்டைத் திரும்பக் கொண்டுவர மேல் அம்புக்குறியை அழுத்தி, ஃபைல் நம்பரை மட்டும் மாற்றி, மூன்று தடவை என்டர். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லாததால் முதல் ஃபைல் அந்தத் தப்புப் பெயருக்கு மாறிவிட்டது. இரண்டாவது அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவது இரண்டாவதன் மேல். ஒரு வார்த்தை? ம்ஹூம். கடைசிப் பத்து பக்கம்தான் மிச்சம். மனுஷர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறி வந்தார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு (/) போட்டிருந்தால், அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று நின்றிருக்கும். இந்த மௌனத்துக்குக் காரணமும் இருக்கிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த காலத்தில் திரை அபூர்வம். டெலிடைப் என்ற தட்டச்சு மெஷினில், பேப்பரில்தான் பெரும்பாலும் பதில் அடித்து வரும், விநாடிக்குப் பத்து எழுத்து. வெட்டிப்பேச்சு பேசினால் வேலை நடக்காது. பல கமாண்டுகள் இரண்டெழுத்தில் இருப்பதும் அந்தச் சிக்கனம்தான். சரி, நியாயம். ஆனால் என் கடையில் டெலிடைப் இல்லையே!

போன மழைக்காலத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது. நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஒரு லாக் ஃபைல் 40 ஜிபிக்கு ஊதிக் கிடந்தது. அழித்தேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கமாண்ட் போட்டுப் பார்த்தால் அப்போதும் நூறு சதவீதம். அந்த லாக்கை எழுதிக்கொண்டிருந்த சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம், இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். பிடியை விடும்வரை இடம் திரும்பாது. எந்த ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டுத் தேடி, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

இதே மௌனம்தான் மற்ற நாளெல்லாம் சுகம். கூட்டம் நெரிகிற நேரத்தில் அப்டேட் என்று நடுவில் வந்து நிற்காது, விளம்பரம் காட்டாது, ரீஸ்டார்ட் செய் என்று உயிரை வாங்காது. கவுன்டருக்குக் கீழே கிடப்பதே பல நாள் மறந்துபோகும்.

ஆகவே மைத்துனா, போடாதே. உனக்கு என்னைவிடக் கோபம் ஜாஸ்தி. இல்லை, போட்டே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வா. முதல் வேலையாக, கமாண்ட் லைனின் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில் மூன்று அலியாஸ், அதாவது கமாண்டுக்கு நாமே வைக்கும் மாற்று வடிவம், எழுதிவிடுவோம். எம்விக்கு ஒன்று, நகலெடுக்கும் சிபிக்கு (cp) ஒன்று, அழிக்கும் ஆர்எம்முக்கு (rm) ஒன்று. மூன்றிலும் மைனஸ் ஐ (-i). மேலெழுதும் முன்னும் அழிக்கும் முன்னும் ஒரு வார்த்தை கேட்கும்.