நாகையில் ஒட்டிய பை, தென்கடலில் 24 நாள்

"மழைத் தண்ணீரா, உப்புத் தண்ணீரா?"

தண்ணீர் புகாத பை ஒன்று செய்து தர வேண்டும் என்று போய் நின்றதும் தார்ப்பாய்க் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு இரண்டு வாரம் முன்பு சென்னையில் ஒரு பெரிய கடையில் இதே தேவையைச் சொல்லி 4,200 ரூபாய்க்கு ஒரு பை வாங்கியிருந்தேன். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பை இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், எட்டாம் நாள் தையல் விட்டது. நாகப்பட்டினத்தில் 950 ரூபாய்க்குச் செய்த பை, 24 நாள் கழித்துக் கரையேறும்போதும் உள்ளே உலர்ந்தே இருந்தது.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாகைக் கடைத்தெருவில் தார்ப்பாய் தைக்கிற இடம் எது என்று கேட்டால் கை காட்டுவார்கள். நான் கால்நடை மருத்துவர்; கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கம் பதினெட்டு ஆண்டாக மாடும் ஆடும் பார்க்கிறேன். நடு இரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போது கட்டிக்கொள்ளும் மேலங்கியை இந்தக் கடையில்தான் தைத்து வாங்குவேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் கரை கடந்து, வேதாரண்யம் பக்கம் கூரை இல்லாத வீடும் கொட்டகை இல்லாத மாடுமாக நின்றபோது, இந்தக் கடையில் இரவு பகலாக வேலை நடந்தது. அந்த வாரத்தில் அவர் ஒரு ரூபாய்கூட விலை ஏற்றவில்லை. அதை நேரில் பார்த்தவள் நான். என் பாராட்டில் அந்த நன்றியும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, பை எதற்கு என்பது. கிளிப்பர் உலகப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. 1996இல் முதன்முதலாக நடந்தது. உலகத்தைச் சுற்றி ஏறக்குறைய 40,000 கடல் மைல் ஓடும் இந்தப் பாய்மரப் படகுகளில் தொழில்முறை மாலுமிகள் தலைமை மாலுமியும் அவருக்கு அடுத்தவரும் மட்டும்தான். மற்ற எல்லோரும் பணம் கட்டி வேலை செய்ய வருகிறவர்கள். முன்அனுபவம் தேவையில்லை, ஆனால் இங்கிலாந்தில் நான்கு நிலைப் பயிற்சியை முடிக்காமல் யாரையும் ஏற்றுவதில்லை. முழுச் சுற்றும் போகலாம், ஒரு கட்டம் மட்டும் போகலாம். நான் போனது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் வரையிலான கட்டம், 4,700 கடல் மைலுக்கு மேல். அம்மா வழியில் வந்த மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், விற்றுத்தான் போனேன். அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. நிலம் விற்றதற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை.

உப்புத் தண்ணீர்தான் என்று சொன்னதும் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மழைத் தண்ணீர் காய்ந்தால் போய்விடும் டாக்டரம்மா. உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் போகாது. உப்பு துணியிலேயே இருக்கும். காற்றில் ஈரம் வந்தால் மறுபடி நனைந்துகொள்ளும். வேதாரண்யத்து உப்பு மூட்டையை ஐப்பசியில் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார். பார்த்திருக்கிறேன். மழை ஒரு துளி படாத அறையிலேயே கசிந்து தரையை நனைக்கும். ஒரு மாதப் பயிற்சியில் ஆங்கிலேயப் பயிற்சியாளர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதியை இந்த நான்கைந்து வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார்.

நெல்லுக்குப் போடும் தார்ப்பாயில் பை செய்ய மறுத்துவிட்டார். அது பாலித்தீன் நாடாவை நெய்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்தது. மடித்து மடித்து வைத்தால் மடிப்பில் பூச்சு உரிந்துவிடும். லாரிக்குப் போடும் கனமான பி.வி.சி. தார்ப்பாயை எடுத்தார். அதிலும் ஊசி வேண்டாம் என்றார். "ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டைதானே?" ஒரு விளிம்பின்மேல் மறு விளிம்பை மூன்று விரல்கடை ஏற்றி வைத்து, குழாய் போன்ற மூக்கில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை இடுக்கில் நுழைத்து, சூடு பட்டு இளகிய இடத்தை ரப்பர் உருளையால் அழுத்திக்கொண்டே போனார். ஒரு சாண் நீளத்துக்கு ஒருமுறை நிறுத்தி நகத்தால் நெம்பிப் பார்ப்பார். பிரியவில்லை என்றால் அடுத்த சாண். வாய் மட்டும் திறந்திருக்கும் நீள உறை. வாயை மூன்று சுற்றுச் சுருட்டி இரண்டு முனையையும் கொக்கியில் பூட்ட வேண்டும். நான் காட்டிய படத்தைப் பார்த்து அதையும் அப்படியே செய்தார்.

பிறகு செய்ததுதான் என்னை அந்தக் கடைக்கு ஆயுள் வாடிக்கையாளர் ஆக்கியது. பைக்குள் காற்றை அடைத்து வாயைப் பூட்டி, பின்கட்டில் இருந்த தண்ணீர் டிரம்மில் இரண்டு கையாலும் அமுக்கினார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிமூலையில் கடுகளவு குமிழி ஒன்று, நின்று, இன்னொன்று. சாக்பீஸால் வட்டம் போட்டு, துடைத்து, காயவைத்து, அந்த மூலையைத் திரும்ப ஒட்டினார். மறுபடி டிரம். மூன்றாவது முறை குமிழி வரவில்லை. அதன் பிறகுதான் என் கையில் கொடுத்தார். பெரிய பை ஒன்று, கையளவுப் பைகள் நான்கு. சிறியவற்றுக்கு ஒன்றுக்கு 150 ரூபாய்.

பந்தயப் படகில் ஒரு பைக்கு என்ன பாடு என்பதைச் சொன்னால்தான் இந்த டிரம்மின் அருமை விளங்கும். படகு 70 அடி நீளம். எங்கள் படகில் இருபது பேர் அளவில் இருந்தோம். பகலில் ஆறு மணி நேரம், இரவில் நான்கு மணி நேரம் என்று முறை. பாதிப் பேர் மேல்தளத்தில், பாதிப் பேர் படுக்கையில். நம் ஊர் முறைத்தண்ணீர் போல, முறை வந்தால் உடம்பு சுகமோ இல்லையோ எழுந்துதான் ஆக வேண்டும். படகு சாய்ந்தே ஓடும். எடை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்துப் படுக்கைகளில்தான் படுக்க வேண்டும். காற்று மறுபுறம் மாறிப் பாயைத் திருப்பினால், தூங்குகிறவர் எழுந்து தன் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஒரே இரவில் இரண்டு முறை அப்படி மாறியிருக்கிறோம். படகின் முன்முனையான அணியத்தில் இறக்கிய பாய்த்துணியை நனைந்தபடியே உள்ளே இழுத்து வருவார்கள். மேலே இருந்து இறங்கும் ஒவ்வொருவரும் தங்கள் உடையில் ஒரு செம்புக் கடல்நீரைக் கொண்டுவருவார்கள். அது போக, பத்துப் பேர் மூச்சு குளிர்ந்த கூரையில் நீராகப் படிந்து முகத்தில் சொட்டும்.

நாற்பதாம் அட்சரேகைக்குத் தெற்கே, இரவில் காற்று ஐந்தாறு டிகிரிக்கு இறங்கியது. அங்கே பிடிக்கிற மேலைக்காற்றை நம் கச்சான் காற்றோடு ஒப்பிட்டு நினைத்திருந்தேன். தவறு. கச்சான் மாலையில் தணியும். அது தணியவே இல்லை. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி முறைக்கு இருபது நிமிடம் முன்பு யாராவது தோளைத் தட்டுவார்கள். கன்று ஈனும் வீட்டிலிருந்து வரும் போனுக்கு எழுந்து பழகியவள் என்பதால் எழுவது எனக்குச் சிரமமாக இல்லை. எழுந்தபின் உடுத்துவதுதான் சிரமம். ஒரு காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, முதுகைப் படுக்கைக் கம்பியில் சாய்த்து, கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒன்று, அதன்மேல் மழையுடை, பூட்ஸ், உயிர்காப்பு அங்கி. படியில் ஏறித் தலை வெளியே தெரியும் முன்பே இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு சுகம்: பைக்குள் கையை விட்டு, உலர்ந்த காலுறையை எடுப்பது. மேலே போன பத்தாம் நிமிடத்தில் அதுவும் நனையும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே எழுந்த இரவுகள் உண்டு.

சென்னைப் பை ஜிப் வைத்தது. மூன்றாம் நாளே ஜிப்பின் பற்களில் உப்புப் பூத்துச் சிக்கியது. எட்டாம் நாள், அடித்தையலில் ஊசித் துளைகள் வரிசையாகப் பெரிதாகி, உள்ளே இருந்த இரண்டு கம்பளிச் சட்டையும் நனைந்தன. அந்தச் சட்டைகள் ஃப்ரீமேன்டில் வந்து நல்ல தண்ணீரில் அலசும்வரை காயவில்லை. கடைக்காரர் சொன்ன உப்பு மூட்டையேதான். அதன்பின் எனக்கு நானே ஒரு விதி வைத்தேன்: கடல்நீர் பட்ட எதுவும், எவ்வளவு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், நாகைப் பைக்குள் போகக் கூடாது. பக்கத்துப் படுக்கையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி, அறுபது வயது தாண்டியவர், தன் ஒரே உலர்ந்த சட்டையை என் பையில் வைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டார். பைக்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. புது பி.வி.சி. வாடை கடுமை, முதல் மூன்று நாள் கடல்நோயில் கிடந்தவர்களுக்கு அது பெரும் தொல்லை. வாங்கியவுடன் பத்து நாளாவது வெயிலில் போட்டு வாடையைப் போக்குங்கள். குளிரில் துணி விறைத்துப்போகிறது. மரத்த விரலோடு வாயை மூன்று சுற்றுச் சுருட்டுவதற்கு வலு வேண்டும். இரண்டு சுற்றோடு விட்டால் தண்ணீர் கசியும், ஒருமுறை எனக்கே கசிந்தது. பையில் பதித்த பித்தளைக் கண்கள் (வளையங்கள்) பச்சையாகக் களிம்பேறின. இதே பையைக் கடலுக்குக் கேட்பவர்கள் துருப்பிடிக்காத எஃகில் வைக்கச் சொல்லுங்கள். எடையும் கூடுதல்.

இன்னொன்றை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆரஞ்சு நிறப் பையில் என் பெயரைத் தமிழில், சிவப்பு எனாமலில் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். இரவில் படகுக்குள் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். வெள்ளை விளக்குப் பட்டால் மேல்தளத்துக்குப் போனதும் இருட்டில் கண் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகி எழுத்தே மறைந்துவிட்டது. முதல் இரவில் என் பையையே தடவித்தான் கண்டுபிடித்தேன். மறுநாள் கறுப்பு மையால் மேலெழுதினேன். பெயர் எழுதச் சொல்பவர்கள் கறுப்பில் எழுதச் சொல்லுங்கள்.

சிறிய பைகளில் ஒன்றில் பருப்புப்பொடியும் இன்னொன்றில் வறுத்த மிளகு, சீரகப் பொடியும் கொண்டுபோனேன். படகில் சமையலுக்கும் முறை உண்டு. இருவர் ஒரு நாள் முழுவதும் எல்லோருக்கும் சமைத்துப் பாத்திரம் துலக்க வேண்டும். அதற்குக் கூலி, அன்றிரவு முழுத் தூக்கம். பதினைந்தாம் நாள் என் முறையில் தக்காளி டப்பாவை உடைத்து மிளகு ரசம் வைத்தேன். குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுக்கான் பிடித்து இறங்கி வந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள். பொடி கட்டியாகாமல், மணம் போகாமல் இருந்தது. சிறிய பைக்கு முழு மதிப்பெண்.

ஊர் திரும்பித் தை பிறந்தபின் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அறுவடை நேரம், கொள்முதல் நிலையத்துக்கு வேண்டிய தார்ப்பாய் மலைபோலக் குவிந்திருந்தது. (இந்தக் காலத்தில் போனால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஆடியில் போங்கள், இரண்டே நாளில் கிடைக்கும்.) இந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968-69இல் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் 312 நாளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்றும், அவர் போன 32 அடிப் படகு நம் பம்பாயில் கட்டிய தேக்குப் படகு என்றும் சொன்னேன். கடைக்காரர் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மரத்துக்கு நடுவே இடுக்கை எதை வைத்து அடைத்தார்களாம்?" என்றார். அந்தப் படகில் இடுக்குகள் கசிந்ததும், நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் தண்ணீருக்குள் மூழ்கி அடைத்ததும் எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன். நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பணம் எவ்வளவு அண்ணே?" என்றேன், பித்தளைக் கண்களை மாற்றுவதற்கு. பதில் சொல்லாமல் பையை உள்வெளியாகப் புரட்டி, மூலைகளை நகத்தால் நெம்பி, முகர்ந்து பார்த்தார். பிறகு காற்றை அடைத்துப் பின்கட்டு டிரம்முக்குக் கொண்டுபோனார். ஒட்டுகள் எல்லாம் நின்றன. தோளில் மாட்டும் பட்டையின் காது பையோடு சேரும் இடத்தில் மட்டும், பக்கம் மாறும்போதெல்லாம் நான் பிடித்து இழுத்த இடத்தில், நூல்போல ஒரு வரிசைக் குமிழி ஏறியது. சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டார். "நாளை மாலை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

இப்போது அந்தக் காதுக்கு அடியில் இன்னொரு துண்டு வைத்து இரட்டை ஒட்டாகத் தருகிறார். விலை 1,050 ரூபாய்.