ஹம்பியில் ‘சர்ப்ரைஸ் ப்ரபோஸல்’ பேக்கேஜா? பணம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். எனக்கு 42,000 ரூபாய் போச்சு

ஹம்பி கல்தேர் முன்னால் சூரிய உதயத்தில் உங்கள் காதலியிடம் கல்யாணத்துக்குக் கேட்க வைக்கிறோம், ஒளிந்திருந்து படம் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கல்தேருக்கு முன்னால் சூரிய உதயத்தை யாராலும் விற்க முடியாது. என்னிடம் விற்றார்கள். 42,000 ரூபாய்க்கு.

ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன். நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, இப்படி ஏற்பாடு செய்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பெயர் போடப் போவதில்லை. “பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்” என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. ஜோடிகளுக்கு ப்ரபோஸல் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஒரு சமூக வலைதளப் பக்கம், அவ்வளவுதான் சொல்வேன். கோயில் இடிபாடுகள், கோட்டைகள், மலையுச்சிகள் என்று பக்கம் முழுக்கப் படங்கள். அழகான படங்கள். யார் எடுத்தவை என்று இப்போது எனக்குத் தெரியாது.

ஹம்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் காதலிதான். புது 50 ரூபாய் நோட்டு 2017-இல் வந்த காலத்திலிருந்தே அதன் பின்பக்கத்தில் இருக்கும் கல்தேரைக் காட்டி “ஒரு தடவை கூட்டிட்டுப் போ” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தத் தேருக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அனுமதி பற்றித்தான். “அது தொல்லியல் துறை இடமாச்சே, பூ, ஸ்டாண்டு எல்லாம் கொண்டு போக விடுவாங்களா?” என்றேன். போனில் பேசிய பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. “அது எங்க தலைவலி சார். நீங்க மேடமை மட்டும் கூட்டிட்டு வாங்க. பர்மிஷன் லெட்டர் வந்ததும் அனுப்புறேன். அதைப் பார்த்துட்டு மீதிப் பணம் போட்டா போதும்.” பாதிப் பணம் முன்பணமாகப் போனது. சில நாளில் வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. சிங்கமுத்திரை, சீல், பச்சை மையில் கையெழுத்து, தேதி, கல்தேர் இருக்கும் விட்டலா கோயில் என்று இடத்தின் பெயர். அதற்குக் கீழே எங்கள் இரண்டு பேர் பெயரும். அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை ஒரு அரசுக் கடிதத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே மீதிப் பணத்தை யுபிஐயில் அனுப்பிவிட்டேன். மொத்தம் 42,000 ரூபாய்.

அந்தக் கடிதம் போலி.

பணம் போன மறுநாள்கூட அந்தப் பெண் கூப்பிட்டு, “மேடம் என்ன கலர் சாரி கட்டுவாங்க? பூவை அதுக்கு மேட்ச் பண்ணணும்” என்று கேட்டாள். சாரி கலர் வரை விசாரித்துக்கொண்டு ஒருவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? மாம்பழ மஞ்சள் என்று சொன்னேன்.

என் காதலியிடம் சும்மா சூரிய உதயம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, இருட்டோடு எழுப்பிக் கூட்டிப்போனேன். பட்டுச் சேலை எதற்கு என்று கேட்டவளைச் சமாளித்தேன். போய் நின்றால் கேட் பூட்டிக் கிடக்கிறது. விட்டலா கோயிலுக்குக் காலை 8.30 மணிக்குத்தான் சீட்டே கொடுப்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்து பேட்டரி காரிலோ நடந்தோ போக வேண்டும். உதய நேரத்தில் உள்ளே போக வழியே இல்லை. இதைச் சொன்னது அந்த வலைதளப் பக்கத்தின் ஆள் இல்லை, படம் எடுக்க வந்திருந்த பையன். இரண்டு போட்டோகிராபர், ஒரு ட்ரோன் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது ஹோஸ்பேட்டையைச் சேர்ந்த அந்த ஒரு பையன் மட்டும். முந்தின நாள் ராத்திரிதான் போனில் பிடித்திருக்கிறார்கள். “அண்ணா, உதயத்துக்குன்னு சொன்னாங்களா? இங்க யாரையும் விடமாட்டாங்களே” என்றான். ட்ரோன் பற்றிக் கேட்டதும் பயந்தே போய்விட்டான். நினைவுச்சின்னங்களுக்கு மேல் அனுமதியில்லாமல் ட்ரோன் விட்டால் பிடித்துவிடுவார்கள். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கும் பேசின காசு வரவில்லை.

சரி, திறந்தபிறகாவது போகலாம் என்று காத்திருந்து போனோம். வாசலில் பூக்கூடையையும் கேமரா முக்காலியையும் பார்த்ததும் காவலர் நிறுத்தினார். கடிதத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, “இது எங்க ஆபீஸ் லெட்டரே இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தேகம் இருந்தால் கமலாபுரத்தில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள் என்றார். அவள் பக்கத்தில் நிற்கிறாள். கடிதத்தில் அவள் பெயர் இருக்கிறது. அதைப் படித்துவிட்டாள். நான் மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்தது அந்த வாசலில், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, இப்படி வெளியே வந்தது. 42,000 ரூபாயைவிட எனக்கு வலிப்பது இதுதான்.

அந்தக் காவலரைத் திட்டி யாரும் கமெண்ட் போடாதீர்கள். அவர் செய்தது சரி. 2019-இல் இதே ஹம்பியில் சில இளைஞர்கள் ஒரு கோயில் தூணைத் தள்ளிச் சாய்த்த வீடியோ பரவியது நினைவிருக்கும். நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, தூணையும் அவர்களையே நிமிர்த்தி வைக்கச் சொன்னது. அதற்கப்புறம் கெடுபிடி இல்லாமல் எப்படி இருக்கும்? உள்ளே கல்தேரைச் சுற்றியும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது: அந்த வலைதளப் பக்கத்தில் போட்டிருந்த படத்தில், ஜோடி தேர்ச் சக்கரத்தில் சாய்ந்தபடி நிற்கும், தடுப்பே இருக்காது. பழைய படம், இல்லையென்றால் ஒட்டுவேலை.

வாசலில் இருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பிறகு எடுத்து, “லோக்கல் இஷ்யூ சார், சாயங்காலம் ஹேமகூட மலையில சன்செட்ல பண்ணிடலாம், இன்னும் சூப்பரா இருக்கும்” என்றாள். யார் வருவார்கள் என்று கேட்டால் லைன் கட். சாயங்காலம் யாரும் வரவில்லை. அதற்கப்புறம் மேனேஜர் என்று ஒருவர் பேசினார். அவர் சொன்னது, “நீங்க லேட்டா போயிருப்பீங்க.” பூட்டியிருந்த கேட்டுக்கு முன்னால் விடிவதற்கு முன்பே போய் நின்றவனிடம்! போலிக் கடிதம் பற்றிக் கேட்டால், “வெண்டர் கொடுத்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை.” பணம் கேட்டால், “ரீஃபண்ட் பாலிசி கிடையாது, ஆறு மாசத்துக்குள்ள வேற லொகேஷன்ல கிரெடிட் தர்றோம்.” அவர்கள் வலைதளப் பக்கத்தில் போய்க் கேள்வி கேட்டு கமெண்ட் போட்டேன், அழித்தார்கள். இன்னொரு முறை போட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள். நான் 42,000 ரூபாய் அனுப்பிய யுபிஐ கணக்கு அந்தப் பக்கத்தின் பெயரில்கூட இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருக்கிறது.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். சம்மதம்தான். ஆனால் அதை நான் கேட்க நினைத்த விதத்தில் கேட்க விடாமல் செய்தவர்களை நான் விடப்போவதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அவ்வளவு பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

தொல்லியல் துறை இடத்தில் கையில் பிடித்துப் படமெடுக்கும் கேமராவுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. முக்காலி, விளக்கு, வீடியோ படப்பிடிப்பு என்று போனால் முன்அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதம் என்று எதைக் காட்டினாலும் பணம் போடுவதற்கு முன் துறையின் அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

திறக்கும் நேரத்தை நீங்களே பாருங்கள். விட்டலா கோயிலில் இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 40 ரூபாய்தான். அதற்கும் ‘மான்யுமென்ட் சார்ஜ்’ என்று ஆயிரக்கணக்கில் பில் போட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தனிநபர் யுபிஐ கணக்குக்கு முழுப் பணமும் அனுப்பாதீர்கள். உள்ளூர் போட்டோகிராபரையே நேராகப் பிடியுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடப் போட திரும்பக் கிடைப்பது கஷ்டம். நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் பதிந்திருக்கிறேன். கடிதத்தின் படமும் வாட்ஸ்அப் உரையாடலும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. இதே பக்கத்திடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.